தௌச்சான் தூண்களில் பெரிய தாத்தா பெயரைத் தேடுவது எப்படி?

இன்செயின்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர் ஆறுமுகம், லால்குடிப் பக்கம். தாத்தா சின்ன வயதிலேயே இங்கே பர்மாவில் பெகு ஊருக்கு வந்துவிட்டார். அண்ணன் ஊரில் இருந்து பட்டாளத்தில் சேர்ந்து, கடைசியில் அவரும் இதே பர்மாவுக்கு வந்து 1945இல் மெய்க்டிலா பக்கம் செத்துப்போனார், காய்ச்சலா குண்டா தெரியாது. அண்ணன் இங்கே வந்ததே தாத்தாவுக்கு யுத்தம் முடிந்து ஊர்க் கடிதம் பார்த்துத்தான் தெரியுமாம். ஆடி அமாவாசைக்கு இன்னும் அவருக்கும் சேர்த்துத்தான் இலை போடுகிறோம். போன ஞாயிறு ப்ரோம் ரோட்டில் பஸ் பிடித்து, ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற தௌச்சான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே தூண்களில் யுத்தத்தில் செத்த பட்டாளத்தார் பெயர் வெட்டியிருக்கிறது, கிட்டத்தட்ட 27,000 பெயர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். யாராவது இப்படித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்களா?

பட்டாளத்துப் பேரன்:
தம்பி, சும்மா நடந்தால் கிடைக்காது. தூணில் பெயர்கள் முதலில் ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) வாரியாக, அதற்குள் பதவி, அதற்குள்தான் எழுத்து வரிசை. அதனால் மெட்ராஸ் ரெஜிமெண்டா, மெட்ராஸ் சாப்பர்ஸா (பாலம், ரோடு போடும் பொறியியல் படை), பயனீர் கோரா (கூலி வேலைப் படை) என்று தெரியாமல் போனால் நாள் முழுக்க நின்றாலும் அதே கதிதான். அதற்கு முன்னால் இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தானே, அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட வேண்டும், முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விடு (நான் இது தெரியாமல் ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்). இன்னொன்று, பெயரை எழுதிய கிளார்க்கின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் இருக்கும். ஆறுமுகம் என்றால் நடு ‘யு’ இல்லாமல் ஒன்று, ‘ஜி’க்குப் பின்னால் ‘ஹெச்’ சேர்த்து ஒன்று, எல்லாம் போட்டுப் பார். சில பெயர்களுக்குக் கீழே அப்பா பெயரும் ஊரும் இருக்கும், அதுதான் உன் ஆளா என்று காட்டிக்கொடுக்கும்.

மோல்மேன் அக்கா:
தூணையே பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. தூணில் இருப்பது கல்லறை இல்லாதவர்கள் பெயர். எரித்தவர்களுக்கு அதே தோட்டத்தில் தனியாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, ஆயிரம் பேருக்கு மேல். உங்க பெரிய தாத்தா ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போயிருந்தால் அங்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நோயில் செத்தாலும் கணக்கில் சேர்ப்பார்கள், 1947 டிசம்பர் 31 வரைக்கும்.

கடலை வண்டி:
தௌச்சான் தூண்களுக்கு நடுவில் இருக்கிற வாசகத்தைப் படித்தீர்களா? சுதந்திர மனிதர் எல்லாருக்காகவும் இவர்கள் செத்தார்கள் என்று ஆங்கிலம், பர்மீஸ், இந்தி, உருது, குர்முகி ஐந்திலும் இருக்கிறது. தமிழ் இல்லை. அந்தக் காலத்தில் நம் ஆள் நடுகல்லில் செத்தவன் பெயரோடு எப்படிச் செத்தான் என்பதையும் வெட்டி வைத்தான். சரி, பட்டாளத்தானுக்காவது பெயர் இருக்கு. மோல்மேனுக்குத் தெற்கே தன்பியூசயாட் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், ஜப்பான்காரனுக்கு 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல், புல்லை வெட்டிப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். மலாயா தோட்டங்களில் இருந்து பிடித்து வந்து அதே பாதையில் செத்த நம் ஜனத்துக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்கூட இல்லை.

பட்டாளத்துப் பேரன்:
அது தனியாகப் பேச வேண்டிய விஷயம் அண்ணே. இந்தப் பையன் கேட்டதை முதலில் முடிப்போம். தம்பி, ஊரில் பர்மா ஸ்டார் மெடல் (பர்மா யுத்தத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது) இருக்கா கேள். இந்தியப் பட்டாளத்துக்குக் கொடுத்ததில் பின்பக்கம் அவருடைய பட்டாள நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள்.

இன்செயின்காரன்:
கரண்ட் வந்த நேரத்தில் தேடினேன். ‘ஹெச்’ போட்டதும் பயனீர் கோரில் ரெண்டு பேர் வந்தார்கள், ஒருவர் தூணில், ஒருவர் எரித்தவர்கள் பட்டியலில். ரெண்டு பேருக்கும் அப்பா பெயர் இல்லை. லால்குடி சித்தப்பாவிடம் கேட்டேன், மெடல் இருக்காம், சாமி மாடத்தில், திருநீற்று டப்பாவுக்குள். போட்டோ அனுப்பினார். பின்பக்கம் முதல் மூன்று எண் தெரிகிறது, மிச்சம் தேய்ந்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்கிறார், வேண்டாம், அப்படியே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.