எக்சோசோமுக்குத் தமிழ்: ‘உமிழ்பொதி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்காகச் செல் உயிரியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரே பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் எதிரெதிரே வந்து நின்றன. ‘எக்சோசோம் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கிறது.’ பத்து வரி தள்ளி, ‘எக்சோசோம் ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காத்து அடுத்த செல்லுக்குக் கொண்டுபோகிறது.’ இரண்டுமே சரிதான். முன்னது செல்லுக்குள் இருக்கும் புரதக் கூட்டு. 1997இல் ஈஸ்ட் ஆய்வில் அதற்கு அந்தப் பெயர் வந்தது. பின்னது செல் வெளியே விடும் சவ்வுப் பை. அதற்கு 1980களிலேயே அந்தப் பெயர் உண்டு. ஒலிபெயர்த்து எழுதினால் ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டும். தமிழில் புதிதாகப் பெயரிடும்போது இதைத் தவிர்க்க நமக்கு வாய்ப்பிருக்கிறது.

இந்தச் சவ்வுப் பைக்கு நம் குழுவின் முந்தைய மடல்களில் மூன்று சொற்கள் வந்தன. ‘நுண்பை’ எளிமையானது. ‘புடகம்’ இலங்கையில் பாடநூல் வழக்கு. அதை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றாவதான ‘தூதுப்பை’ கேட்க அழகு. ஆனால் புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.வுக்கு ‘தூது ஆர்.என்.ஏ.’ என்ற பெயர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘தூதுப்பைக்குள் தூது ஆர்.என்.ஏ.’ என்று எழுதினால் மாணவர் எதை எதோடு சேர்ப்பார்?

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. 1983இல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர் ஆட்டின் முதிராத சிவப்பணுக்களில் இந்தப் பைகளைப் பார்த்தார்கள். அணு முதிரும்போது, இரும்பை உள்வாங்க உதவிய டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைப் பையில் கட்டி வெளியே தள்ளியது. ஆகவே வெகுகாலம் இதைக் குப்பை வெளியேற்றம் என்றே பலரும் நினைத்தார்கள். 2007இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் எலியின் மாஸ்ட் செல்கள் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) விட்ட பைகளை மனித மாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தபோது, மனிதச் செல்லில் எலிப் புரதங்கள் உருவாகியிருந்தன. பைக்குள் போன தூது ஆர்.என்.ஏ. அங்கே வேலை செய்திருக்கிறது! அன்றே ‘குப்பைப்பை’ என்று பெயர் வைத்திருந்தால் 2007இல் மாற்ற வேண்டி வந்திருக்கும். ‘தூதுப்பை’க்கும் அந்த ஆபத்து உண்டு. 2014இல் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுச் செயலைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ.) சராசரியாகப் பைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாப் பையும் தூது சொல்லப் போகிறது என்று பெயரிலேயே உறுதி கொடுத்துவிடக் கூடாது.

என் பரிந்துரை ‘பொதி’. காரணம், அது பெயராகவும் வினையாகவும் நிற்கும். ‘நுண்பை’யிலிருந்து வினை பிறக்காது. இங்கோ பாதி விஷயம் கட்டுவதில்தான் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சவ்வறையான எண்டோசோமின் சவ்வு உட்புறமாகக் குழிந்து, சைட்டோபிளாசத்தில் ஒரு துளியை அதிலுள்ள ஆர்.என்.ஏ.வோடு பிடித்துக் கிள்ளிக்கொள்கிறது. இப்படிப் பல பிடிகள் சேர, எண்டோசோம் முத்துகள் நிறைந்த மாதுளை போலாகிறது. அது செல்லின் ஓரத்துக்கு வந்து வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கும்போது 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள முத்துகள் வெளியே கொட்டுகின்றன. எந்த ஆர்.என்.ஏ. உள்ளே போகிறது என்பதும் முழுக்கத் தற்செயல் அல்ல. ஒய்.பி.எக்ஸ்.1 என்ற புரதத்தை நீக்கிவிட்டால் மிர்-223 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பொதியப்படுவது குறைந்துவிடுகிறது என்று 2016இல் பெர்க்லியில் ரேண்டி ஷெக்மன் குழு காட்டியது. இதை எழுத ‘பொதிதல்’, ‘பொதிப்பு’, ‘உட்பொதிவு’ எல்லாம் ஒரே வேரிலிருந்து கிடைக்கின்றன.

பொதிசோறு நமக்குப் பழைய சொல். திருப்பைஞ்ஞீலி வழியில் அப்பருக்குக் கிடைத்தது பொதிசோறுதான். வாழையிலையைத் தணலில் வாட்டி மடித்தால் கிழியாது. உள்ளிருப்பது கெடாமல் ஊர் போய்ச் சேரும். இந்தப் பைகளிலும் உறைதான் காவல். வெளியே ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதியைச் சேர்த்தாலும் உள்ளிருப்பது பிழைத்துக்கொள்கிறது. சோப்பு போன்ற கரைப்பானால் சவ்வைக் கரைத்துவிட்டு அதே நொதியைச் சேர்த்தால் அந்த ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் இது வழக்கமாகச் செய்யும் சோதனை. இலங்கையில் சோற்றுப்பொதி இன்றும் கடையில் கேட்டு வாங்கும் சொல் என்பதால் அங்கும் இது அந்நியமாக இராது.

ஆகவே: எண்டோசோம் வழியாக வெளிவருவது உமிழ்பொதி. வெளிச்சவ்விலிருந்தே நேராக மொட்டுவிட்டுப் பிரிவது அரும்புபொதி. இரண்டும் வினைத்தொகை, ‘உமிழ்ப்பொதி’ என்று வல்லினம் மிகாது. பொதுப்பெயர் செல்வெளிப் பொதி. செல்லைக் கலம் என்று எழுதுவோருக்குக் கலவெளிப் பொதி. இந்தப் பொதுப்பெயர் கட்டாயம் வேண்டும். பிறந்த வழி நிறுவப்படாதபோது எக்சோசோம் என்று சொல்லாமல் பொதுப்பெயரையே ஆள வேண்டும் என்று இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 2018 வழிகாட்டுதலில் கேட்டுக்கொண்டது. என் மொழிபெயர்ப்பில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ‘எக்சோசோம்’ போய் ‘செல்வெளிப் பொதி’ வந்துவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன மற்ற எக்சோசோமுக்கு, அதாவது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதக் கூட்டுக்கு, ‘ஆர்.என்.ஏ. சிதைகூட்டு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அது எனக்கே நிறைவாக இல்லை. பீப்பாய் வடிவில், நடுத்துளை வழியே ஆர்.என்.ஏ.வை இழுத்து ஒரு முனையிலிருந்து அரிந்து தள்ளும் அமைப்பு அது. நெல் அரவை, கரும்பாலை வழக்குகளில் பொருந்தும் சொல் இருக்கக்கூடும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.