ஆர்கானிக் சாமான் வாங்கணும் ஆனா மாசத்துக்கு 9000 தான், கடலூர் பாண்டி பக்கம் யாராவது வழி சொல்லுங்க

மஞ்சக்குப்பம் மருமக:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கடலூர் மஞ்சக்குப்பம், வீட்ல ஆறு பேரு, ரெண்டு பசங்க, மாமியாருக்கு சுகர். மளிகை, காய்கறி, எண்ணெய் எல்லாம் சேர்த்து 9000, பாலும் மீனும் தனி. போன மாசம் பாண்டிக்கு ஒரு வளைகாப்புக்கு போனப்ப அங்க ஒரு ஆர்கானிக் கடைக்குள்ள நுழைஞ்சேன், துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டரு, தினை, நாட்டு சக்கரை, செவப்பரிசி ரெண்டு கிலோ, அவ்ளோதான், பில்லு 1,180. வீட்டுக்கு வந்து பையை கவுத்தா டேபிள்ல ஒரு மூலை கூட ரொம்பல. எங்க வீட்டுக்காரர் பருப்பு பாக்கெட்ட கையில தூக்கி பாத்துட்டு இத சமைக்கப் போறியா இல்ல பீரோல வச்சு பூட்டப் போறியான்னு கேக்கறாரு. இதுல தினை பாக்கெட்ட பிரிச்சா வண்டு வேற.

ஆனா விடவும் மனசில்ல. எங்க அப்பா விவசாயம் பண்ணவரு, கத்தரிக்கு சாயங்காலம் மருந்து அடிச்சிட்டு மறுநாள் காலையில பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புனத கண்ணால பாத்திருக்கேன். எல்லாத்தையும் மாத்த முடியாதுன்னு தெரியுது. எத மாத்தறது, எத விடறது, எங்க வாங்கறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

முதுநகர் துறைமுகம்:

சிஸ்டர் தப்பா நினைக்காதீங்க, பாதி கடையில ஆர்கானிக்னா அது ஸ்டிக்கர் மட்டும்தான். பாக்கெட் சாமான் வாங்கறதா இருந்தா ஜைவிக் பாரத் மாதிரி அரசாங்கத்தோட ஆர்கானிக் முத்திரை ஒண்ணு இருக்கும், அது இருக்கான்னு பாருங்க, 2017 ரூல்லேர்ந்து ஆர்கானிக்னு விக்கிற பாக்கெட்டுக்கு சர்டிபிகேட் வேணும். சும்மா இலை படம் போட்டு இயற்கை, பாரம்பரியம், பாட்டி வைத்தியம்னு எழுதி வச்சிருந்தா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

நான் சொல்ற வழி வேற. நம்ம ஊர்ல கடல் இருக்கு. மத்தி, நெத்திலி, கவலை சீசன்ல மலிவா கெடைக்குது, அதுக்கு எவன் யூரியா போட்டான்? நல்ல சாப்பாடுக்கு வாரம் மூணு நாள் பொடி மீன் வாங்கிட்டு போங்க. ஆர்கானிக் முந்திரி கிலோ என்ன விலைன்னு பண்ருட்டிக்கு பக்கத்துல உக்காந்துகிட்டு நெட்ல தேடறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது.

பாகூர் ஏரிக்கரை:

மேல அண்ணன் சொன்னது பாக்கெட்டுக்கு சரி. ஆனா என்னை மாதிரி சின்ன விவசாயி, வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள வியாபாரம், நேரா உங்க கையில விக்கறேன்னா சர்டிபிகேட் கட்டாயம் இல்ல. அந்த முத்திரை மட்டும் போட்டுக்க முடியாது. அதனால முத்திரை இல்லன்னாலே ஏமாத்துன்னு சொல்லிடாதீங்க, நேர்ல வந்து பாருங்க. வரப்புல நடந்தாலே தெரியும், எல்லா பூச்சியும் இருக்கும், களை இருக்கும், பயிரு ஒரே மாதிரி கரும்பச்சையா இருக்காது. மருந்து டப்பா எங்கயாவது கெடக்குதான்னு மோட்டார் கொட்டாய் பின்னால ஒரு தடவ எட்டிப் பாருங்க, யாரும் கோச்சுக்க மாட்டோம்.

விலை ஏன் ஜாஸ்தின்னு கேக்கறவங்களுக்கு, மாப்பிள்ளை சம்பான்ற செவப்பரிசி நெல்லு கிட்டத்தட்ட 160 நாள் பயிரு, ஆளு உசரம் வளந்து காத்தடிச்சா படுத்துக்கும். எங்களுக்கு ஏக்கருக்கு 15, 16 மூட்டை வந்தா பெரிசு, பக்கத்து வயல்ல உரம் போட்டு குட்டை ரகம் வைக்கிறவரு 30 எடுக்கறாரு. அதுக்கு மேல களை எடுக்க ஆளு கூலி. நான் கிலோவுக்கு பத்து ரூபா கூட கேட்டா அது கொள்ளை இல்லம்மா.

இப்ப உங்களுக்கு ஒரு யோசனை. ரசாயனத்த விட்ட உடனே ஆர்கானிக்னு சான்று குடுத்துட மாட்டாங்க, நெல்லு மாதிரி பயிருக்கு ரெண்டு வருஷம் மாறுற காலம், மா, பலா மாதிரி மரப்பயிருக்கு மூணு வருஷம். அந்த நேரத்துல மகசூல் விழுந்துடும், ஆனா ஆர்கானிக்னு சொல்லி விக்கவும் முடியாது. பாதி பேரு அங்கதான் மனசொடிஞ்சு பழையபடி யூரியாவுக்கு போயிடறான். அந்த மாதிரி ஆள தேடிப் புடிச்சு வாங்குங்க, ஏறக்குறைய மார்க்கெட் விலைக்கே குடுப்பான், உங்களுக்கும் மருந்து அடிக்காத அரிசி.

இன்னொண்ணு, அரிசியா வாங்காதீங்க. தை மாசி அறுப்புல நெல்லா ஒரு மூட்டை வாங்குங்க, 75 கிலோ. அவிச்சு காய வச்சு அரைச்சா 45லேர்ந்து 48 கிலோ அரிசி வரும், தவிடும் உங்களுக்கே. நாலஞ்சு வீடு சேந்தீங்கன்னா நாங்களே அவிச்சு அரைச்சு வண்டியில ஏத்தி விட்டுடுவோம், வண்டி வாடகை தலைக்கு அம்பது அறுவதுக்குள்ள முடிஞ்சிடும்.

லாஸ்பேட்டை அக்கா:

தங்கச்சி, நான் இதே கூத்துல மூணு வருஷம் பணத்த கரைச்சவ. இப்ப எனக்கு ஒரே கணக்குதான், வீட்ல எது கிலோ கணக்குல தீருதோ அத முதல்ல மாத்து. அரிசி, எண்ணெய், தினம் வாங்கற காய். மாசம் 50 கிராம் தீர்ற ஏலக்காய ஆர்கானிக்ல வாங்கி என்ன ஆகப்போவுது?

எண்ணெய்க்கு வா. கடையில செக்கு மல்லாட்டை எண்ணெய், அதான் வேர்க்கடலை எண்ணெய், லிட்டர் 400க்கு மேல சொல்றான். நான் தோல் உரிச்ச மல்லாட்டை பயிறா வாங்கி ஆட்டிக்கறேன். ஒரு லிட்டருக்கு ரெண்டேகாலுலேர்ந்து ரெண்டரை கிலோ பயிறு புடிக்கும், நான் கடைசியா வாங்கினது கிலோ 125, ஆட்டற கூலி தனி, ஆனா புண்ணாக்கு நமக்கு. அத மாடு வச்சிருக்கிற வீட்டுக்கு வித்தா கூலி கழிஞ்சு போயிடும். ஆக 300 சொச்சம், அதுவும் கண்ணு முன்னால. ஒண்ணு மட்டும், ஆட்டறதுக்கு முன்னால பயிற முறத்துல கொட்டி உக்காந்து பொறுக்கு. பூஞ்சை புடிச்சது, கறுத்தது, சுருங்கினது ஒண்ணு விடாத, அதுல இருக்கற விஷம் எந்த பூச்சி மருந்துக்கும் கொறைஞ்சது இல்ல. ரெண்டு நாள் வெயில்ல காய வை, ஈரம் இருந்தா எண்ணெய் கம்மியா வரும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். ஆட்டினத பாத்திரத்துல மூணு நாள் தெளிய விட்டு மேலாக இறுத்துக்கோ.

காய்க்கு எல்லாத்துக்கும் ஆர்கானிக் தேவையே இல்ல. காலிஃபிளவர், கத்தரி, வெண்டை, பச்சை மிளகா, முட்டைகோஸ், இதுலதான் மருந்து ஜாஸ்தி விளையாடுது, இத கொறை, இல்ல தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்கு. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சொரக்கா, பூசணி, மரவள்ளி, சீசன்ல பலாக்கொட்டை, இதுக்கெல்லாம் பெருசா யாரும் மருந்து அடிக்கறதில்ல, விலையும் கம்மி. உங்க ஊர்ல திங்கக்கிழமை காராமணிக்குப்பம் சந்தை இருக்கே, எங்களுக்கு செவ்வாக்கிழமை மதகடிப்பட்டு. பெரிய வியாபாரிய விட்டுட்டு ஓரமா சாக்கு விரிச்சு நாலு சொரக்கா, ரெண்டு கட்டு கீரையோட ஒரு ஆயா உக்காந்திருக்கும் பாரு, அதுகிட்ட போ. வீட்டு கொல்லையில காச்சதுன்னா காயி கோணலா இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.

கறிவேப்பிலை, புதினா, மிளகா தொட்டியில வச்சிடு. உப்புத் தண்ணி, புளித் தண்ணியில ஊற வச்சு கழுவினா மேல இருக்கறது ஓரளவு போவும், செடிக்குள்ள ஏறின மருந்து போவாது. அத நம்பி தினம் காலிஃபிளவர் வாங்காத.

வெல்லம் சொல்ல மறந்துட்டேன். பளபளன்னு மஞ்சளா இருந்தா வெளுக்கறதுக்கு ஹைட்ரோஸ்ன்ற ரசாயனத்த போட்டிருப்பான். நெல்லிக்குப்பம் பண்ருட்டி பக்கம் கரும்பு ஆட்டற கொட்டாய்ல போய் கறுத்த வெல்லமா கேட்டு வாங்கு.

மஞ்சக்குப்பம் மருமக:

அக்கா முறம் எங்க வீட்ல இருக்கா இல்லையான்னே தெரியல, மாமியார்கிட்ட கேக்கணும் 😄 பாகூர் அண்ணா, நாங்க எங்க தெருவுல நாலு வீடு பேசிட்டோம். ரெண்டு சந்தேகம். பட்டை தீட்டாத அரிசின்னா வண்டு வருமே? அப்புறம் பசங்க செவப்பு சோறு தட்டுல பாத்தாலே மூஞ்ச திருப்பறாங்க. மாமியார் வேற சுகருக்கு நல்லதாம்னு ரெண்டு கரண்டி கூட போடச் சொல்றாங்க.

பாகூர் ஏரிக்கரை:

வண்டு வரும், வரலன்னாதான் சந்தேகப்படணும். நெல்லா இருக்கற வரைக்கும் சீக்கிரம் கெடாது, அதனால ரெண்டு மாசத்துக்கு வேண்டியத மட்டும் அரைச்சுக்கோங்க. அரைச்சத டிரம்முல போட்டு வசம்பு துண்டு, காஞ்ச வேப்பிலை, காஞ்ச மிளகா போட்டு மூடி வைங்க. வந்துட்டா நெழல்ல பரப்பி வச்சா அதுவா ஓடிடும், கொளுத்தற வெயில்ல போட்டா அரிசி நொறுங்கும்.

லாஸ்பேட்டை அக்கா:

சோறா போடாத முதல்ல. இட்லிக்கு நாலு பங்கு அரிசியில ஒரு பங்கு இத சேரு. எங்க பையன் இது ராகி இட்லியான்னு கேட்டான், ஆமாண்டான்னு சொல்லிட்டேன், ஆறு மாசமா ராகி இட்லின்னு நினைச்சுதான் சாப்பிடறான். சோறா வடிக்கறதா இருந்தா ராத்திரியே ஊற போடு, இல்லன்னா கேஸ்ல மிச்சம் புடிச்சதெல்லாம் போயிடும். மாமியார்கிட்ட பதமா சொல்லு, செவப்பா இருந்தாலும் அது அரிசிதான், அளவு அதே அளவுதான், டாக்டர் சொன்னத மாத்த வேணாம்.

முதுநகர் துறைமுகம்:

அந்த மூட்டையில நாலு வீடுன்னு சொன்னீங்களே, அஞ்சாவதா எங்க வீட்டையும் சேத்துக்க முடியுமா? வீட்ல இந்த பேச்ச படிச்சு காட்டினது தப்பா போச்சு.

மஞ்சக்குப்பம் மருமக:

சேத்துக்கலாம் அண்ணா, ஆனா தவிடு எங்களுக்குத்தான், எதிர் வீட்டு மாட்டுக்கு சொல்லி வச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில பாகூர் போறோம், மோட்டார் கொட்டாய் பின்னாலயும் எட்டிப் பாப்போம்.