வினாகிரியில் மின்குமிழ் எரியாவிட்டால் அது மின்பகாப்பொருளா?

உப்புவெளி மாணவி:
வணக்கம். நான் க.பொ.த. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். நான்கு உலர்கலங்கள், மின்சூளின் சிறிய மின்குமிழ், இரண்டு காபன் கோல்கள் ஆகியவற்றைத் தொடராக இணைத்து வீட்டில் ஒரு சோதனை செய்தேன். கடல்நீரில் மின்குமிழ் எரிந்தது. சீனிக் கரைசலில் எரியவில்லை. வினாகிரியிலும் எரியவில்லை, ஆனால் மறைமுனைக் கோலில் ஊசிமுனையளவு வாயுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. வினாகிரியை மின்பகாப்பொருள் (நீரில் கரைந்தும் மின்னைக் கடத்தாத பொருள்) என்று எழுதியது பிழை என்கிறார் ஆசிரியர். மேலும், சோடியம் ஐதரொட்சைட்டைப் போலவே எதனோலிலும் ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த கூட்டம் இருக்க, எதனோல் மட்டும் ஏன் மின்பகாப்பொருள் ஆகிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை:
பிள்ளை, விடை உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தச் சிறு குமிழிகள் ஐதரசன் வாயு. கரைசலில் இருந்த ஐதரசன் அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) மறைமுனையில் இலத்திரன்களைப் பெற்றதால் அவை உண்டாயின. ஆகவே மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. மின்குமிழின் இழையைச் சூடாக்க அது போதவில்லை, அவ்வளவுதான். வினாகிரியில் உள்ளது அசற்றிக் அமிலம். ஒரு கன டெசிமீற்றரில் (ஒரு லீற்றரில்) 0.1 மூல் அசற்றிக் அமிலம் உள்ள கரைசலில், 25 பாகை செல்சியசில், ஏறத்தாழ நூறு மூலக்கூறுகளில் ஒன்று மட்டுமே அயனாகிறது. இத்தகைய பொருளை மென் மின்பகுபொருள் என்கிறோம். மின்குமிழுக்குப் பதிலாக, 220 ஓம் தடையுடன் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை இணைத்துப் பாருங்கள்; அது மிகச் சிறிய மின்னோட்டத்திலும் ஒளிரும். கடல்நீரில் செய்யும்போது நேர்முனையில் குளோரீன் வாயுவும் உண்டாகலாம் என்பதால், சன்னலைத் திறந்து வைத்துச் சில நொடிகளில் முடித்துவிடுங்கள்.

ஆய்வுகூட உதவியாளர்:
எதனோலைப் பற்றி ஒரு சொல். சோடியம் ஐதரொட்சைட்டுத் திண்மத்தில் அயன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நீர் அவற்றைப் பிரித்து நடமாட விடுகிறது. எதனோலிலோ ஒட்சிசன் காபனோடு பங்கீட்டுவலுப் பிணைப்பால் (இலத்திரன்களைப் பகிரும் பிணைப்பால்) கட்டுண்டிருக்கிறது; நீரில் கரையும்போது மூலக்கூறு முழுதாகவே கரைகிறது. சீனி மூலக்கூறில் ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த அத்தகைய கூட்டங்கள் எட்டு இருந்தும் ஓர் அயன்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் பங்கீட்டுவலுச் சேர்வை என்றாலே மின்பகாப்பொருள் என்று முடிவுகட்டி விடாதீர்கள். ஐதரசன் குளோரைட்டு வாயு தொலுயீன் என்ற சேதனக் கரைப்பானில் கரைந்தால் மின்னைக் கடத்தாது. நீரில் கரைந்தால் நீரோடு தாக்கமுற்று அயன்களைத் தந்து, வன் மின்பகுபொருளாகிவிடும்.

உப்புவெளி மாணவி:
இருவருக்கும் நன்றி. எல்.ஈ.டி. வினாகிரியில் மங்கலாக ஒளிர்ந்தது. ஆனால் சீனிக் கரைசலிலும் மிக மெல்லியதாக ஒளிர்கிறதே?

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை:
எந்த நீரில் கரைத்தீர்கள்? கிணற்று நீரென்றால் அதிலே உப்புகள் கரைந்திருக்கும், கடலோரக் கிணற்றில் கூடுதலாகவே இருக்கும். சீனி சேர்க்காமல் அந்த நீரை மட்டும் முதலில் சோதியுங்கள்.

உப்புவெளி மாணவி:
கிணற்று நீர்தான், ஐயா. சீனி இல்லாமலும் அதே அளவு ஒளிர்ந்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் சீனியைக் கரைத்துப் பார்த்தேன், இருட்டறையிலும் எல்.ஈ.டி. ஒளிரவில்லை.