ஏஐ போட்டுத் தந்த அட்டவணை தப்பு நேரத்தில் அடிக்கிறது, யாராவது சொல்லுங்கள்

பாசிக்காரி (சின்னப்பாலம்)
வணக்கம். ஏஐயிடம் சொல்லி வீட்டு வேலை, கடல் வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து தினசரி அட்டவணை வாங்கினேன். அட்டவணை அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் ஒன்றுகூட உரிய நேரத்துக்கு அடிப்பதில்லை, எல்லாம் தப்புத் தப்பாக அடிக்கிறது. நாளைக்குக் கடலுக்குப் போகணும். சீக்கிரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மண்டபத்தான்
எந்த ஏஐ? எந்த போன்? முந்தி அடிக்கிறதா, பிந்தி அடிக்கிறதா? எவ்வளவு வித்தியாசம்? வெறுமனே "தப்பு" என்றால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்கணும் தங்கச்சி.

கீழக்கரை காக்கா
எந்த போனாக இருந்தாலும் காரணம் ஒன்றுதான், பேட்டரி சேமிப்பு. திரை அணைந்ததும் பின்னால் ஓடுகிற ஆப்பையெல்லாம் போன் தூங்க வைத்துவிடும். நீ எடுத்துத் திறக்கும்போதுதான் எல்லா அறிவிப்பும் மொத்தமாக வந்து விழும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடு. என் கடைப் பையன் போனில் இதைச் செய்தேன், அதோடு சரியாகிவிட்டது.

தங்கச்சிமடம் தம்பி
காக்கா, அது பேட்டரி இல்லை. சின்னப்பாலம் எங்கே இருக்கு என்று பாருங்கள். நம் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிக்கும். தனுஷ்கோடி போனால் "வெல்கம் டு ஸ்ரீலங்கா" என்று மெசேஜ் வருமே, அதே கதைதான். டவர் மாறினால் மணியும் மாறும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் மணி வையுங்கள் அக்கா.

நுட்பச்செம்மல்
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஏஐ என்பது சொற்களைக் கோக்கும் ஒரு மொழி மாடல் (லாங்குவேஜ் மாடல்). அதற்குள் கடிகாரம் கிடையாது. கடிகாரம் இல்லாததிடம் அலாரம் கேட்டால் இப்படித்தான். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வரவும். தம்பிக்கு ஒரு தகவல்: இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. டவர் மாறினாலும் மணி மாறாது.

தங்கச்சிமடம் தம்பி
ஒன்றேவா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் இலங்கை வானொலிதான் ஓடும். அதில் மணி சொன்னால் எங்கள் சுவர்க் கடிகாரம் அரை மணி பின்னால் இருக்கும். ஆத்தா கடிகாரத்தைத்தான் திட்டும். காதால் கேட்டவன் சொல்கிறேன்.

நுட்பச்செம்மல்
அது பழைய கதை. 1996இல் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். காதால் கேட்டது சரி, நாள்காட்டியையும் பார்க்கவும்.

தொண்டிக்காரி
அந்தப் பிள்ளை நாளைக்குக் கடலுக்குப் போகணும் என்கிறது, நீங்கள் கொழும்பு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பாசிக்காரி, மண்டபத்து அண்ணன் கேட்டதற்குப் பதில் போடுங்கள் முதலில்.

பாசிக்காரி (சின்னப்பாலம்)
மன்னிக்கவும், கரையில் இருந்தேன். போன் மணி சரியாகத்தான் ஓடுகிறது. ஏஐ ஒரு ஃபைல் கொடுத்தது, கொழுந்தன் லேப்டாப்பில் கூகுள் கேலண்டரில் ஏற்றித் தந்தான். காலை 4.30க்கு எழுப்பணும், 10 மணிக்கு அடிக்கிறது. பள்ளி வேன் 8.15, அது மதியம் 1.45க்கு. மகளிர் குழுத் தவணையை இரவு 7.30க்குப் போட்டிருந்தேன், அது நடுராத்திரி 1 மணிக்கு அடித்து மாமியார் என்னமோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தான்
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! மூன்றிலும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. பேட்டரியும் இல்லை, டவரும் இல்லை. நம் நேரம் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். ஏஐ உன் 4.30ஐ யூடிசி 4.30 என்று ஃபைலில் எழுதிவிட்டது. கேலண்டர் அதை ஒழுங்காக நம் நேரத்துக்கு மாற்றி 10 ஆக்கிவிட்டது. கேலண்டரைத் திறந்து பார், 10 என்றேதான் இருக்கும். நீ பார்த்தது ஏஐ அரட்டையில் காட்டிய அட்டவணையை.

ஃபைலை நோட்பேடில் திறந்தால் டிடிஸ்டார்ட் (DTSTART) என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அதில் 043000 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இசட் (Z) என்ற எழுத்து இருக்கும். இசட் என்றால் யூடிசி நேரம் என்று அர்த்தம், அதுதான் வில்லன். ஏஐயிடம் "நேரம் எல்லாம் ஆசியா/கொல்கத்தா மண்டலத்தில் (நம் இந்திய நேரத்துக்கு அதுதான் பெயர்), இசட் இல்லாமல் எழுது" என்று கேட்டுப் புது ஃபைல் வாங்கு.

ஏற்றுவதற்கு முன்னால் பழையதை அழித்துவிடு, இல்லாவிட்டால் 4.30க்கும் அடிக்கும், 10க்கும் அடிக்கும். "வீடு" என்று தனியாக ஒரு கேலண்டர் தொடங்கி அதில் ஏற்றச் சொல். அடுத்த முறை தப்பு வந்தால் அந்த ஒன்றை மட்டும் அழித்தால் போதும், மற்றது தப்பிக்கும்.

நுட்பச்செம்மல்
நான் முதலிலேயே சொன்னேன், ஏஐக்குக் கடிகாரம் கிடையாது என்று.

கீழக்கரை காக்கா
ஐந்தரை மணி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடு. அப்புறம் இன்னொன்று. கேலண்டர் சும்மா "டிங்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும், தூக்கத்தில் கேட்காது. எழுந்திருக்க வேண்டிய 4.30ஐ மட்டும் போனின் கடிகார ஆப்பிலேயே அலாரமாக வை.

ஏர்வாடி அக்கா
மணி சரியானாலும் அட்டவணை சரியாகாது என்று எனக்குப் படுகிறது. நானும் கடல்பாசி பறிக்கப் போகிறவள்தான். உன் அட்டவணையில் பாசிக்கு எத்தனை மணி என்று போட்டிருக்கிறது?

பாசிக்காரி (சின்னப்பாலம்)
தினமும் காலை 6 முதல் 11 வரை அக்கா. ஞாயிறு ஓய்வு.

ஏர்வாடி அக்கா
அதான் பார்த்தேன். கடலுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில்தான் நீர் நன்றாக வற்றும். வற்றும் நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்றைக்கு 6 மணிக்கு இடுப்பளவில் நின்று கட்டக்கோரைப் பாசி பறித்த இடத்தில் நாலு நாள் கழித்து அதே 6 மணிக்குப் போய் நின்று பார். வாரக் கணக்கில் போட்ட அட்டவணை வேனுக்குச் சரி, தவணைக்குச் சரி, பாசிக்கு ஆகாது.

சரி, அதையும் ஏஐயிடமே கேட்போம் என்று கேட்டுவிடாதே. நான் கேட்டேன். வற்றுகிற நேரம், பெருகுகிற நேரம் என்று நிமிடக் கணக்கில் அழகாக எழுதிக் கொடுத்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற அரசுக் கடல் தகவல் மையம் போடும் ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதனால் நேரத்தை இன்காய்ஸிலிருந்து எடு. பதினைந்து நாளுக்கு உள்ளதை அப்படியே ஏஐக்குக் கொடுத்து, "இதற்குத் தக்கபடி சமையல், பிள்ளை, பாசி காயப்போடுகிற வேலையெல்லாம் நகர்த்து" என்று சொல். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, எனக்கு அதில் குறையில்லை.

இன்னொன்று. விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டித் தண்ணீருக்குள் இறங்கின பிறகு அலாரம் அடித்தால் யார் எடுப்பது? போன் வீட்டில் சோற்றுப் பானை பக்கத்தில் கிடக்கும். "நாளைக்கு இத்தனை மணிக்குக் கிளம்பணும்" என்று முந்தின ராத்திரியே சொல்லும்படி வை.

மண்டபத்தான்
அக்கா சொன்னது நியாயம். வீட்டில் யாராவது விசைப்படகுக்குப் போனால் திங்கள், புதன், சனி என்று திரும்பத் திரும்ப வரும்படி ஏஐ போட்டிருக்கும். அதை ஏப்ரல் 14ஓடு முடித்துவிடு. 15ஆம் தேதி தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விடியலில் எழுப்பிவிட்டு என்ன பயன்? காற்று எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாள் எந்தக் கேலண்டரிலும் முன்கூட்டி வராது, அதை அன்றைக்கு அன்றைக்குக் கையால்தான் எடுக்கணும்.

தங்கச்சிமடம் தம்பி
செம்மல் அண்ணே, 2006 வரை அரை மணி வித்தியாசம் இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது நான் சொன்னதில் என்ன தப்பு?

நுட்பச்செம்மல்
2006இல் இந்தப் பெண் கையில் ஏஐ இருந்ததா?

தொண்டிக்காரி
ஆரம்பித்துவிட்டார்கள்.

பாசிக்காரி (சின்னப்பாலம்)
இசட்தான். பழையதை அழித்துப் புது ஃபைல் ஏற்றியாச்சு, இன்று 4.30க்கே அடித்தது. மண்டபத்து அண்ணனுக்கு நன்றி. ஏர்வாடி அக்கா, பாசி நேரத்தை இன்னும் மாற்றவில்லை, இன்காய்ஸ் பார்க்கணும். வேன் வந்துவிட்டது.

தொண்டிக்காரி
இதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் குழுவில் எல்லோருக்கும் தவணை நாளை ஒரே கேலண்டரில் காட்ட முடியுமா? ஒவ்வொருத்தி போனிலும் தனித்தனியாக ஏற்ற எனக்குப் பொறுமை இல்லை.

மண்டபத்தான்
முடியும். கேலண்டர் அமைப்பில் பகிர்வு என்று இருக்கும், அதில் அவரவர் ஜிமெயிலைச் சேர்க்கணும். லேப்டாப்பில் செய்தால் சுலபம். பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். மாற்றும் அனுமதி கொடுத்தால் ஒருத்தர் கை தவறி அழித்தாலும் எல்லோர் போனிலிருந்தும் போய்விடும், அந்த மாதத் தவணைக்கு யாரும் வரமாட்டார்கள்.