கொலோனோஸ்கோபிக்கு முன் குடிக்கும் மருந்து வயிற்றில் தங்கவில்லை, வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு அடுத்த வாரம் மறுபடியும் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. போன தடவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும், குடலைச் சுத்தம் செய்யும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரைக் கொடுத்தார்கள், பாதி குடிப்பதற்குள் குமட்டி வாந்தி எடுத்துவிட்டார், குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்று பரிசோதனையையே நிறுத்திவிட்டார்கள். வயது அறுபத்தெட்டு, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. மலத்தில் ரத்தம் வந்ததால்தான் இந்தப் பரிசோதனை, அதனால் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

மருந்தை இரண்டாகப் பிரித்து, முந்தைய நாள் மாலை பாதியும் பரிசோதனை அன்று விடியற்காலையில் மீதியும் குடித்தால் தாங்குவது எளிது, குடலும் நன்றாகச் சுத்தமாகும் என்று படித்தேன். யாராவது அப்படிக் குடித்திருக்கிறீர்களா? ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு மெதுவாக உறிஞ்சினால் அந்த உப்புக் கரிப்பு குறையுமா? எலுமிச்சைச் சாறு பிழியலாமா? வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போடச் சொல்லி உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தாரா?

அப்புறம் சர்க்கரை உள்ளவர்கள் சொல்லுங்கள், சாப்பாடு இல்லாத அந்த நாளில் இன்சுலின் அளவை எப்படிக் குறைத்தீர்கள், சர்க்கரை இறங்காமலிருக்க என்ன குடித்தீர்கள்? இளநீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ் சரி என்கிறார்கள், பாலும் சிவப்பு நிற பானங்களும் கூடாதாம். டாக்டரிடமும் கண்டிப்பாகக் கேட்பேன், ஆனால் அங்கே பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது, என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. குடித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள், அம்மா ரொம்ப பயந்துபோயிருக்கிறார்.