புல்லின் 'லிக்யூல்': சிறுநாக்கா, மடல்நாவா, இலைநாவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் புற்களுக்கு ஒரு கையேடு எழுதி வருகிறோம். வயல் வரப்பு, ஏரிக்கரை, மானாவாரி நிலம், பாறைச் சரிவு என்று இடவாரியாகப் பிரித்திருக்கிறோம். பெரும்பாலான உறுப்புகளுக்குச் சொல் அமைந்துவிட்டது. தண்டில் கணு, கணுவிடை. தண்டைச் சுற்றிப் பிடித்திருப்பது இலையுறை, விரிந்து நிற்பது இலைப்பரப்பு. இவை இரண்டும் சேரும் மூட்டின் உட்புறத்தில், தண்டை ஒட்டினாற்போல் ஒரு சவ்வோ மயிர் வரிசையோ நிற்கிறதே, அந்த லிக்யூலுக்குத்தான் இன்னும் சொல் இல்லை.

பூங்கதிரைப் பார்த்தே இனம் காணலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கதிர் இருந்தால் சரி. பென்னாகரம் பக்கம் மேய்ச்சல் மேடுகளில் ஆடு புகுந்து போனபின் அடித்தூரும் நாலு இலையும்தான் மிச்சம். அப்போது லிக்யூல்தான் கைகொடுக்கும். இலையை மெதுவாகப் பின்னால் மடக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள். அருகம்புல்லில் குட்டை மயிர்கள் வரிசை கட்டி நிற்கும்; இரு ஓரங்களிலும் மட்டும் சற்று நீண்ட மயிர். கொழுக்கட்டைப்புல்லிலும் மயிர்தான். நெல்லில் நீளமான வெண்சவ்வு, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதே வயலில் நெல்லோடு கலந்து நிற்கும் குதிரைவாலி இனக் களையில் அந்த இடம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். பூக்கும் முன்பே களையைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

என் பரிந்துரை: சிறுநாக்கு. லத்தீன் மூலத்துக்கும் 'சிறிய நாக்கு' என்றுதான் பொருள்.

--------

மறுமொழி: அரூரிலிருந்து

> என் பரிந்துரை: சிறுநாக்கு.

ஐயா, சிறுநாக்கு ஏற்கெனவே தொண்டைக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. உள்நாக்கு என்று சொல்பவர்கள் அதிகம் என்றாலும் அகராதியில் இரண்டும் ஒன்றுதான். மருத்துவக் கலைச்சொல்லோடு மோத வேண்டாம்.

தொல்காப்பிய மரபியல் புல்லின் உறுப்புகளைச் சொல்லும்போது தோடு, மடல், ஓலை என்று அடுக்குகிறது. அங்கே புல் என்பது புறத்தே வயிரம், அதாவது கெட்டியான பாகம், உள்ளவை, பனையும் தென்னையும் உட்பட. ஆனாலும் மரபுச் சொல் இருக்க 'உறை' எதற்கு? இலையுறையை மடல் என்போம், இதை மடல்நா என்போம்.

--------

மறுமொழி: ஓசூரிலிருந்து

மடல்நா நயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குழுமத்தில் மடல் என்றால் மின்னஞ்சல்! வெளியே போனால் வாழை மடல், காது மடல், தாழை மடல் என்று வேறு இருக்கின்றன. மரபுச் சொல்லை எடுப்பது நல்லதுதான், அதன் தோளில் இத்தனை சுமை ஏறியிருக்கும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்கு வேறொரு சங்கடம். 'நா' என்றதும் பிள்ளைகள் சவ்வைத்தான் தேடுவார்கள். அருகம்புல்லை நீட்டினால் "நாக்கே இல்லை சார்" என்பார்கள். வடிவத்தை விட்டு இடத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன? மூட்டுவேலி, கழுத்துவேலி இப்படி. மழைநீரும் தூசியும் உறைக்குள் இறங்காமல் அது தடுக்கிறது என்றும் கருதுகிறார்கள் அல்லவா?

--------

மறுமொழி: கிருஷ்ணகிரியிலிருந்து

வேலி வேண்டாம் நண்பரே. வேலை என்ன என்பதைப் பெயருக்குள் ஏற்றினால், நாளைக்கு வேறு வேலை தெரியவரும்போது பெயர் பொய்யாகிவிடும். வடிவம் பொருந்தாதது அவ்வளவு பெரிய குறையில்லை. குதிரைவாலிக் கதிரில் குதிரையும் இல்லை, வாலும் இல்லை, யாரும் குழம்பவில்லையே.

அரூர் நண்பர் சொன்னதை ஏற்றுச் சிறுநாக்கைக் கைவிடுகிறேன். 'இலைநா' என்று வைக்கலாம். வெறும் 'நா' போதாது. சூரியகாந்திக் குடும்பத்தில் பட்டையாக நீண்ட ஓரப் பூவுக்கும் இதே லத்தீன் சொல்லில் இருந்துதான் பெயர். அது நாமலர், இது இலைநா என்று பிரிந்து நிற்கும். அடைமொழியும் எளிதாக ஒட்டுகிறது: சவ்வு இலைநா, மயிர் இலைநா. மயிர் என்று எழுதத் தயங்குபவர்கள் உண்டு. தாவரவியலில் அந்தத் தயக்கம் தேவையில்லை. 'முடி இலைநா' கேட்கவே சரியில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. உறையும் இலைப்பரப்பும் சேரும் இடத்தை வெளிப்புறமாகக் 'கழுத்து' என்றே எழுதியிருக்கிறோம். நெல்லில் அதன் இரு பக்கமும் தண்டைக் கவ்வும் மயிரடர்ந்த கொக்கிகளை 'இலைக்காது' எனலாம். கழுத்து, காது, நா மூன்றும் ஒரே குடும்பச் சொற்களாக அமைந்துவிடுகின்றன.

பிள்ளைகள் தேடித் திணறுவார்கள் என்ற கவலைக்குக் கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "இலைநா: இலையுறையும் இலைப்பரப்பும் சேருமிடத்தின் உட்புறம் உள்ள சவ்வு அல்லது மயிர் வரிசை. சில புற்களில் இராது." கோரைகளையும் இதன் கீழேயே பேசிவிடலாம். முக்கோணத் தண்டு, மூன்று வரிசை இலை, மூடிய உறை. பெரும்பாலும் இலைநா இராது. கிருஷ்ணகிரி அணையின் நீரோரத்தில் புல்லும் கோரையும் கலந்தே கிடப்பதால் அந்த வரி அவசியம்.

--------

மறுமொழி: அரூரிலிருந்து

இலைநா சரி. மடலை விட்டுவிட மனமில்லைதான், பனைக்கும் தென்னைக்கும் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஊசிப்புல் விதையின் முறுக்கு வாலுக்குச் சுணை என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சண்டை இருக்கிறது. சுணை என்பது கரும்புத் தோகையில் அரிக்கும் நுண்மயிர். ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி முறுக்கி, ஆட்டுத்தோலையே துளைத்து இறங்குகிற வாலுக்கு அது போதாது. தனி இழை தொடங்குகிறேன்.