பீட்டில்ஸ் பாட்டெழுத்து: லெனனா, மெக்கார்ட்னியா, ஹாரிசனா? (புனைபெயரில் மூன்று ரசிகர்களின் வாதம்)

பழைய இசைத்தட்டு:
ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ஆல்பங்களை இரண்டு வாரமாக வரிசையாகக் கேட்டு முடித்தேன். லெனன், மெக்கார்ட்னி இருவரில் யார் எழுதியிருந்தாலும் தட்டில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். யார் முன்னால் நின்று பாடுகிறாரோ, பெரும்பாலும் பாட்டு அவருடையது. அப்படிப் பிரித்துப் பார்த்தால் மெக்கார்ட்னிதான் ஒரு படி மேல், இதுதான் என் கட்சி. 'யெஸ்டர்டே' (1965) ஒன்று போதும். ஒரு கிடார், நான்கு நரம்பு வாத்தியங்கள், அவர் குரல். மற்ற மூவரும் அதில் வாசிக்கவே இல்லை. வார்த்தை இல்லாமல் முணுமுணுத்தாலும் அந்த மெட்டு நிற்கும். லெனன் பாட்டில் வார்த்தையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கடைசி பெஞ்ச்:
மெட்டு என்றால் ஏறி இறங்கியே ஆக வேண்டுமா நண்பரே? லெனனின் 'ஐ ஆம் த வால்ரஸ்' தொடக்கத்தைக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டில் குரல் மாறி மாறிப் போகும். போலீஸ் சைரனைக் கேட்டுப் பிடித்த மெட்டு அது. குரல் அங்கேயே நிற்க, அடியில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அதே சுரம் ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் கேட்கும். அப்புறம் 'ஹெல்ப்!' எழுதியபோது அவருக்கு 24 வயது. ஊர் உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடிய நேரத்தில் 'உதவி செய்யுங்கள்' என்று பாடுகிறார். அந்தத் துணிச்சல் மெக்கார்ட்னியிடம் இல்லை. அவர் அடுத்தவர் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

பழைய இசைத்தட்டு:
தப்பிப்பதா? 'எலினார் ரிக்பி'யில் ஒரு பாதிரியார் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து சாக்ஸ் தைத்துக்கொண்டிருப்பார். பார்க்க ஒரு ஆள் கிடையாது. அந்த ஒரு காட்சியில் தனிமை முழுக்க வந்துவிடுகிறது. எட்டு நரம்பு வாத்தியங்கள், ஏறக்குறைய இரண்டே கார்ட்ஸ். நால்வரில் ஒருவர்கூட அதில் எந்த வாத்தியமும் தொடவில்லை. 'நான், எனக்கு' என்று சொன்னால்தான் உண்மையா?

ஆறாம் தந்தி:
இருவரும் ஹாரிசனை மறந்தே போனீர்கள். 1968-இல் வந்த வெள்ளை ஆல்பத்தில் 30 உருப்படிகள், அதில் அவருக்குக் கிடைத்தது நான்கு. அடுத்த வருடம் 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்' இரண்டையும் கொடுத்தார். இரண்டாவதை, குழுவின் சொந்தக் கம்பெனிக் கூட்டத்துக்குப் போகாமல், கிடார் கலைஞரான நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதினார். நடுவில் 'சன், சன், சன்' என்று வரும் இடத்தில் தாளம் போட்டுப் பாருங்கள். மும்மூன்றாகப் பிரிந்து போய், சம நடைக்குத் திரும்பி வந்து உட்காரும். மிருதங்கத்தில் முடிப்பாக வரும் தீர்மானம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது உடனே பிடிபடும். ரவிசங்கரிடம் சிதார் கற்றவர் அவர். மற்ற இருவருக்கும் இந்தக் கணக்கு வராது.

பழைய இசைத்தட்டு:
அருமையான பாட்டுதான். ஆனால் இரண்டு மூன்று முத்தை வைத்து மாலை கோர்க்க முடியாதே.

ஆறாம் தந்தி:
முத்து அவரிடம் இருந்தது, கோர்க்கத்தான் விடவில்லை. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டை 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். மறுவருடம் அதே பெயரில் தனியாக மூன்று தட்டு ஆல்பம் கொண்டுவந்தார். அத்தனை பாட்டு கையில் இருந்த ஆளுக்கு பெரும்பாலும் ஆல்பத்துக்கு ஒன்றிரண்டுதான் ஒதுக்கினார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கடைசி பெஞ்ச்:
அது நியாயமான கோபம், ஒத்துக்கொள்கிறேன். மெக்கார்ட்னி கட்சிக்கு ஒரு கேள்வி: 'வீ கேன் வொர்க் இட் அவுட்' எப்படி? 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று அவர் பளிச்சென்று தொடங்குவார். நடுவில் லெனன் புகுந்து, ஆயுசு கொஞ்சம்தான், சண்டை போட நேரமில்லை என்பார். சட்டென்று மைனருக்கு, அதாவது சோகம் தொனிக்கும் சுர அமைப்புக்கு, மாறி முகம் இறுகிவிடும். அதில் ஆர்மோனியம் வாசிப்பதும் லெனன்தான். அந்த நடுப்பகுதி இல்லையென்றால் அது சாதாரணப் பாட்டு.

ஆறாம் தந்தி:
அதே நடுப்பகுதியில் நான்கு எண்ணிக்கை மூன்றாக மாறி வால்ட்ஸ் நடனம் போல ஆடுகிறதே, அந்த யோசனை ஹாரிசனுடையது.

பழைய இசைத்தட்டு:
இதை இத்தனை வருடம் கவனிக்காமலே கேட்டிருக்கிறேன். இப்போது மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தாளம் மாறும் இடத்தில் ஆர்மோனியம் இழுபட்டு நிற்பது நன்றாகவே கேட்கிறது. ஆனால் பாட்டு முடிந்து சமையலறைக்குப் போகும்போது என் வாயில் வந்தது மெக்கார்ட்னியின் முதல் வரிதான். நான் கட்சி மாறவில்லை.